கிழங்கே போதும் என்று இருந்த நாற்பது நாள்

எதையும் பாதி கேட்டுவிட்டு முழுதாக நம்புகிற ரகம் நான். மீதிப் பாதியை யாராவது வந்து சொல்வார்கள், அதுவும் நாலு பேர் முன்னால். ஒரே ஒரு தடவை நானூறு பேர் முன்னால், மைக்கில் சொன்னார்கள். அது என் தங்கை பவானியின் கல்யாணத்தில் நடந்தது.

அப்போது எனக்கு இருபத்தொன்பது வயது. மலேசியாவில், சுங்கை வேயில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் சூப்பர்வைசர். (எனக்குக் கீழே ஒரே ஒரு ஆள். அவரும் பாதி நாள் லீவு.) பக்கத்திலேயே ஒரு ஃபிளாட்டில், மதுரைப் பக்கத்திலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்திருந்த முத்து என்பவனோடு தங்கியிருந்தேன். எங்களுக்குள் தினமும் ஒரே சண்டைதான்: இன்று என்ன சாப்பிடுவது? அவன் சாம்பார் என்பான், நான் மீ கோரெங் நூடுல்ஸ் என்பேன். பேசிப் பேசியே பசி போய்விடும்.

ஒரு நாள் தாடிக்காரர் ஒருவரின் வீடியோ பார்த்தேன். எங்கோ ஒரு மலைநாட்டில் மக்கள் பெரும்பாலும் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத்தான் சாப்பிடுகிறார்களாம், எல்லாருக்கும் உடம்பு கல் மாதிரி இருக்கிறதாம். 'பெரும்பாலும்' என்ற சொல் என் காதில் விழவில்லை. மனித குலத்துக்கு ஒரே ஓர் உணவு போதும் என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

"முத்து, இனிமே சண்டையே இல்லை லா. கிழங்கு ஒண்ணு போதும். எல்லாச் சத்தும் அதுலயே இருக்கு."

அவன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான். "மாட்டுக்குப் புல்லு போதும். நீ மாடா?"

"யானை என்ன சாப்பிடுது? இலை. அதுக்குச் சத்து இல்லையா?"

"அது நாள் பூரா தின்னுக்கிட்டே இருக்கு. நீ வேலைக்குப் போகணும்ல? சரி, உன் தங்கச்சி கல்யாணத்துக்கு இன்னும் நாப்பது நாள் இருக்கு. அதுவரைக்கும் இருந்து காட்டு. காட்டிட்டா உன் கால்ல விழறேன்."

முத்து யார் காலிலும் விழாதவன். எனக்கு அந்தக் காட்சி வேண்டியிருந்தது. தவிர, அப்பா இல்லாத வீட்டில் பெண் வீட்டுப் பெரிய மனிதனாக மேடையில் நிற்கப் போகிறவன் நான். புது ஜிப்பாவுக்குள் தொப்பையோடு நிற்காமல் இருந்தால் நன்றாகத்தானே இருக்கும்?

மறுநாளே பாசாருக்குப் போய், உள்ளே ஆரஞ்சு நிறமாக இருக்கும் கெலடெக் ஐந்து கிலோ வாங்கினேன். (சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு இங்கே எல்லா இனத்துக்காரர்களும் சொல்லும் பெயர் அது.) நான்கு நாளில் மறுபடி ஐந்து கிலோ. மூன்றாவது தடவை போனபோது கடைக்கார மலாய் அம்மா அன்பாகக் கேட்டார், "வீட்டுல எத்தனை ஆடு வளக்கிற, தம்பி?" ஒன்று என்று சொல்லிவிட்டேன். அவர் ஆட்டுக்கென்று இரண்டு கிழங்கு இலவசமாகப் போட்டார்.

முதல் வாரம் நான் ஒரு ஞானி. அவித்த கிழங்கு, சுட்ட கிழங்கு, மசித்த கிழங்கு, கொஞ்சம் உப்பு. இரண்டு கிலோ குறைந்தேன். ஸ்டோரில் இருந்த அந்த ஒரே ஆளை உட்காரவைத்து மனிதன் எப்படி நாக்குக்கு அடிமையானான் என்று விளக்கினேன். அவர் மறுநாள் லீவு போட்டார்.

இரண்டாவது வாரம் வாயு வந்தது. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை. எங்கள் ஃபிளாட்டில் லிப்ட் சரியாக வேலை செய்தும் பதினொரு மாடி நடந்தே ஏறினேன் என்பது போதும். மூன்றாவது வாரம் கனவுகள் வந்தன. ஒரு கனவில் மீன்தலைக் கறி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது. முட்டைக்கோப்பி ஒன்று கண்ணீர் விட்டது. விழித்துப் பார்த்தால் தலையணை நனைந்திருந்தது. (கண்ணீர் இல்லை, எச்சில்.)

நாலாவது வாரத்தில்தான் முத்து என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான்.

"டேய், உள்ளங்கை ஏன்டா மஞ்சளா இருக்கு?"

"சத்துடா. உள்ள நிறைஞ்சு வெளிய தெரியுது."

"ரொம்ப நிறைஞ்சிருச்சு போல. ஒரு டாக்டர்கிட்டக் காட்டு."

காட்டவில்லை. ஏனென்றால் அன்று மாலைதான் கிள்ளானிலிருந்து அம்மா வீடியோ காலில் என்னைப் பார்த்துவிட்டு, "ஐயா, முகமெல்லாம் பொன்னு மாதிரி மின்னுது, யாரு கண்ணும் படக்கூடாது" என்று திரைக்கே திருஷ்டி கழித்திருந்தார். அம்மாவே பொன் என்று சொன்னபின் மருத்துவ விஞ்ஞானத்துக்கு என்ன வேலை?

கல்யாண நாளும் வந்தது. கிள்ளானில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை காலை. நான் நாற்பதாவது நாள் கிழங்கைச் சாப்பிட்டுவிட்டு, வெள்ளை ஜிப்பா, வெள்ளை வேட்டியோடு வாசலில் நின்றேன். என் ஃபிளாட்டின் மங்கல் விளக்கில் ஓரளவு மறைந்திருந்த உண்மையை அந்த மண்டபத்து விளக்குகளும் அந்த வெள்ளைத் துணியும் சேர்ந்து ஊருக்கே காட்டிவிட்டன. நான் மாம்பழ நிறத்தில் இருந்தேன். மூக்கைச் சுற்றி இன்னும் பழுத்திருந்தது.

பூச்சோங்கிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். முதலில் வந்த இரண்டு ஆன்டிகள் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்கள்.

"பாத்தியா, நலங்கு மஞ்சள் எப்படிப் பிடிச்சிருக்குன்னு! மாப்பிள்ளைன்னா இப்படித்தான் இருக்கணும்" என்று சொல்லி என் தலையில் அட்சதை தூவினார்கள்.

"ஆன்டி, நான் மாப்பிள்ளை இல்ல. மச்சான்."

உண்மையான மாப்பிள்ளை தினேஷ் அவர்களுக்குப் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் நலங்கு வைத்திருந்தார்கள்தான். குளித்ததும் போய்விட்டது. ஆன்டிகள் அவரைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். தூவிய அட்சதையைத் திரும்ப எடுக்க முடியாமல் உள்ளே போனார்கள்.

அந்தச் சமயத்தில் வந்து சேர்ந்தவர் தினேஷின் பெரியப்பா. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்று அந்தக் குடும்பமே அவர் சொல்லுக்குக் கட்டுப்படும். (அங்கே சலவைத் துணி ஏற்றும் லோரி ஓட்டினார் என்பது பல மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது.) கைகுலுக்க நீட்டிய என் கையை ஒரு சாண் தூரத்தில் நிறுத்தி, குனிந்து பார்த்தார்.

"மஞ்சக்காமாலை," என்றார். "முத்திப்போச்சு. ஒட்டுற வகை."

அவர் மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் கல்யாண மண்டபத்தில் அந்தச் சொல் நாதஸ்வரத்தைவிட வேகமாகப் போனது. காலையிலிருந்து என்னோடு கைகுலுக்கியவர்கள் எல்லாரும் கை கழுவும் இடத்தில் வரிசையாக நின்றார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அதைவிட மோசம். அரை மணி நேரம் முன்னால், பொறுப்புள்ள அண்ணனாக, நானே இலை இலையாகக் கேசரி பரிமாறியிருந்தேன். இப்போது ஆளாளுக்குக் கேசரியைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், மறுபடி கேசரியைப் பார்த்தார்கள். ஒரு அங்கிள் இலையை மூடினார். அடுத்த நிமிடம் பந்தியே இலையை மூடியது. முத்து மட்டும், என்னைத் தெரியாதவன் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பி, தோசை தின்றுகொண்டிருந்தான்.

இதுவரை நடந்ததை அவமானம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் தினேஷின் அம்மா மேடைக்கு அருகே வந்து என் அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. இது பொண்ணுக்கும் இருக்கா? எங்ககிட்ட மறைச்சீங்களா?"

நான்கு வருடம் காதலித்து, இரண்டு வீட்டையும் சம்மதிக்கவைக்க மேலும் ஒரு வருடம் அலைந்தவள் பவானி. முகூர்த்தத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரம்தான் இருந்தது. நாதஸ்வரக்காரர் விஷயம் புரியாமல் வாசிப்பதை நிறுத்திவிட்டார். நாற்பது நாளில் முதல் தடவையாக அன்றுதான் நான் கிழங்கைப் பற்றிச் சந்தேகப்பட்டேன்.

அலங்கார அறைக் கதவு திறந்தது. ஒரு கண்ணுக்கு மட்டும் மை தீட்டிய நிலையில் பவானி வெளியே வந்தாள்.

"அலாமாக்! அண்ணே, என்னா இது?" என்று கத்தினாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். "இங்க யாராச்சும் டாக்டர் இருக்கீங்களா? நிஜ டாக்டர்?"

பெரியப்பா ஒரு அடி முன்னால் வந்தார். பவானி பார்த்த பார்வையில் ஒரு அடி பின்னால் போனார்.

மாப்பிள்ளை வீட்டுக்கு வேண்டிய ஒரு பெண் டாக்டர், பெட்டாலிங் ஜெயாவில் கிளினிக் வைத்திருப்பவர், எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவசரமே இல்லாமல் கையைத் துடைத்துக்கொண்டு, என்னை மேடையோரம் விளக்கின் கீழே நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அறிவிப்பாளர் அங்கேதான் நின்றிருந்தார். அவர் கையில் மைக் இருந்தது. அது அணைக்கப்படவில்லை என்பது டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"கண்ணு வெள்ளையா இருக்கே," என்றார் டாக்டர். மண்டபம் முழுவதும் அது ஒலித்தது. "காமாலைன்னா முதல்ல கண்ணுதான் மஞ்சளாகும். என்ன சாப்பிடுறீங்க தம்பி?"

"கெலடெக், டாக்டர்."

"சரி. அப்புறம்?"

"கெலடெக்."

"மத்தியானம்?"

"அதுவும்தான்."

"வேற எதுவுமே இல்லையா?"

"உப்பு போட்டுக்குவேன்."

"எத்தனை நாளா?"

"இன்னியோட நாப்பது."

டாக்டர் என் இமையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இது நோயில்ல. கிழங்குல இருக்கிற ஆரஞ்சுச் சாயம் தோல்ல ஏறியிருக்கு. யாருக்கும் ஒட்டாது. நிறுத்தினா தானா போயிடும். ஆனா தம்பி, எந்த ஒரு சாப்பாட்டுலயும் எல்லாச் சத்தும் கிடையாது. இதுல கொழுப்பு இல்ல, புரதம் பத்தாது, பி டுவல்வ் சுத்தமா இல்ல. இன்னும் கொஞ்ச மாசம் போனா படுத்திருப்பீங்க."

அத்தோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். நாற்பது நாள் தவம் ஒரே நிமிடத்தில் போவதை என்னால் தாங்க முடியவில்லை.

"அப்ப உலகத்துல ஒரு சாப்பாடுகூட இல்லையா, டாக்டர்?"

"ஒண்ணு இருக்கு," என்றார் அவர். "தாய்ப்பால். அதுவும் முதல் ஆறு மாசத்துக்குத்தான்."

சிரிப்பு கூடத்தின் பின்வரிசையில் ஆரம்பித்தது. அது மேடைக்கு வந்து சேருவதற்குள், தன் வளர்ப்பையே யாரோ குறை சொல்லிவிட்டதாக நினைத்த அம்மா ஓடிவந்து மைக்குக்கு நேராக நின்றார்.

"குடுத்தேன் டாக்டர்! சத்தியமா ஒன்றரை வருஷம் குடுத்தேன்! இவனாத்தான் நிறுத்தினான்!"

அதற்குமேல் யாராலும் தாங்க முடியவில்லை. தினேஷின் அம்மா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சிரித்து முடித்ததும் என் அம்மாவின் கையைப் பிடித்து, "மன்னிச்சிருங்க சம்பந்தி" என்றார். நாதஸ்வரக்காரர் என்ன நினைத்தாரோ, கெட்டிமேளமே வாசித்துவிட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் இலைகள் திறந்தன. கேசரிக்கு மட்டும் பழைய மரியாதை திரும்பவில்லை.

தாலி நேரத்துக்கு ஏறியது. ஆனால் என் பங்கு இன்னும் முடியவில்லை. தாலி கட்டியபின் ஹோமத்தில் போட, பெண்ணின் சகோதரன் அவள் கையில் பொரி கொடுக்க வேண்டும். தட்டில் வெள்ளைப் பொரி. அதன்மேல் குருக்கள் நெய் ஊற்றினார். நாற்பது நாளாக நெய் வாசனையை அறியாத மூக்கு இது. முதல் கைப்பிடியைப் பவானி கையில் கொடுத்தேன். இரண்டாவது கைப்பிடி எப்படி என் வாய்க்குப் போனது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"தம்பி," என்றார் குருக்கள், மந்திரத்தை நிறுத்தாமலே, "அது அக்னிக்கு."

பவானியின் தோள்கள் குலுங்கின. புகுந்த வீட்டுக்குப் போகிற துக்கம் என்று நினைத்துப் பல ஆன்டிகள் சேர்ந்து அழுதார்கள். அவள் அடக்க முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள் என்பது தினேஷுக்கும் எனக்கும்தான் தெரியும்.

மத்தியானம் மூன்று இலை சாப்பிட்டேன். பிறகு இரண்டு நாள் கழிவறையில் கழித்தேன். தோல் பழைய நிறத்துக்கு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. முத்து என் காலில் விழவில்லை. "நாப்பதாவது நாள் முடியறதுக்குள்ள பொரி தின்னுட்டே பங்காளி" என்று சொல்லிவிட்டான்.

படங்களைத் திருத்தும்போது இன்னொரு சிக்கல் வந்தது. குடும்பப் படத்தில் என் நிறத்தைச் சரிசெய்தால் மற்ற இருபது பேரும் நீலமாகிவிடுகிறார்கள் என்று புகைப்படக்காரர் பவானிக்குப் போன் செய்தார்.

"அண்ணனை மஞ்சளாவே விட்டுருங்க அண்ணே," என்றாளாம் என் கூடப்பிறந்தவள். "நாங்க மனுசங்களா இருந்துக்கிறோம்."

அந்தப் படம்தான் பூச்சோங்கில் அவர்கள் வீட்டு வரவேற்பறையில் பெரிதாகத் தொங்குகிறது. பவானியின் மகளுக்கு இப்போது ஐந்து வயது. போன மாதம் பாலர் பள்ளியில் குடும்பத்தை வரையச் சொல்லியிருக்கிறார்கள். அம்மா, அப்பா, பாட்டி எல்லாரையும் மாநிறத்தில் வரைந்தவள், ஓரத்தில் நின்ற ஒருவனுக்கு மட்டும் மஞ்சள் கிரேயானைத் தீரும்வரை தேய்த்திருக்கிறாள்.

"இது சூரியனா, கண்ணு?" என்று கேட்டிருக்கிறார் ஆசிரியை.

"இல்ல டீச்சர். அது எங்க மாமா. அவருக்கு அம்மாப் பால் கிடைக்கல."