மச்சான் மோசமான வக்கீல் என்பதற்கு மச்சானே சாட்சி

மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகன் சிறையிலிருந்து பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். நலமாக இருப்பதைத் தவிர இங்கே வேறு வேலையும் கிடையாது. அத்தையின் முழங்கால் வலி இப்போது தேவலையா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். பழைய சோபாவுக்கு உறை மாற்றித் தரும் எனக்கும் கஞ்சாவுக்கும் என்ன சம்பந்தம்? யாரோ கடையில் கொடுத்துவிட்டுப் போன சோபாவைப் பிரித்தால் பஞ்சுக்கு நடுவே ஒரு பொட்டலம். "இது என்ன கருமம்?" என்று எடுத்து முகர்ந்து பார்த்த நேரத்தில்தானா போலீஸ் உள்ளே வரவேண்டும்! நல்ல வக்கீலாகப் பார்க்கலாம் என்று அப்போதே சொன்னேன். நீங்கள்தான், "நம்ம பய வக்கீலா இருக்கும்போது வெளியாள் எதுக்கு? ஊரு சிரிக்காதா?" என்றீர்கள். இப்போது ஊர் வயிறு வலிக்கச் சிரிக்கிறது.

மச்சான் நல்லவர். விவாகரத்து வழக்கைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை என்பதுதான் ஒரே குறை. குழந்தை அப்பாவிடம் வளர்வதா அம்மாவிடம் வளர்வதா என்றே வாதாடிப் பழகிய வாய். போலீஸ்காரரைக் கூண்டில் ஏற்றி, "இந்தப் பொட்டலம் யார்கிட்ட பத்திரமா இருந்துச்சு?" என்று கேட்டார். "இவர்கிட்டதாங்க" என்று அவர் என்னைக் காட்டினார். மச்சானுக்கு முகமெல்லாம் பல். "கேட்டீங்களா ஐயா! அதனால பொட்டலத்தை என் கட்சிக்காரர் பொறுப்புலயே விடணும். போலீஸ் வேணும்னா வாராவாரம் வந்து பார்த்துட்டுப் போகட்டும்" என்று நீதிபதியிடம் கேட்டே விட்டார். நான் கண்ணைக் காட்டுறேன், கையைக் காட்டுறேன், மனுஷன் திரும்பினாத்தானே! ஏழு வருஷம் மாமா. கோர்ட் வாசல்ல உங்க மக அழுத அழுகை இன்னும் காதுலயே நிக்குது. எனக்குத் தாங்கல.

இப்போது மேல்முறையீட்டுக்கு ஒரு வக்கீலம்மா கிடைத்திருக்கிறார். பழைய வக்கீல் சரியில்லை என்று நிரூபித்தால் வழக்கை மறுபடி விசாரிப்பார்களாம். அதற்கு மச்சானே வந்து, தனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவரோ ரோஷக்காரர். நான் கேட்டால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வார். பெற்ற தகப்பன் நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். புதிதாக எதுவும் வேண்டாம், வீட்டில் தினமும் நீங்கள் அவரைச் சொல்வதையே அவர் கோர்ட்டில் சொன்னால் போதும்.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் ஆசி என்றும் என் தலைமேல் இருக்கட்டும், உங்கள் மகன் மட்டும் என் பக்கத்தில் நிற்காமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மருமகன்

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வக்கீலம்மா கூப்பிட்டதும் மச்சான் மறுபேச்சில்லாமல் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். தான் எவ்வளவு மோசமான வக்கீல் என்று பேசினார் பாருங்கள்! சட்டம் என்ன, பழைய தீர்ப்புகள் என்ன, ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை. எனக்கே கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு கெட்டிக்காரரை வெச்சுக்கிட்டா வக்கீல் சரியில்லைன்னு வந்தீங்க?" என்று நீதிபதி மனுவைத் தள்ளிவிட்டார். இதற்கு மேலேயும் ஒரு கோர்ட் இருக்கிறதாம். மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் மாமா. அங்கே எனக்கு வக்கீலம்மா வேண்டாம், மச்சான்தான் வேண்டும்.