கேட்டை மறைத்த மச்சானுக்கு

அன்புக்கும் பாசத்துக்கும் கூடவே கொஞ்சம் கோபத்துக்கும் உரிய மச்சானுக்கு, உன் அக்கா புருஷன் கிரில் பட்டறையில் உட்கார்ந்து எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். நீ சுகமா என்று கேட்க வேண்டிய சிரமம் எனக்கு இல்லை. காலையிலிருந்து உன் முகத்தைத்தான் கம்ப்யூட்டரில் வரிசையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நன்றாகவே இருக்கிறாய். வருஷத்துக்கு வருஷம் கன்னத்தில் சதை ஏறியிருக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே குறுக்கே பேசுவாய். கடிதத்தில்தான் உன்னால் குறுக்கே வர முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்ற கை எழுதுகிறது, தப்பு இருந்தால் திருத்திப் படி, சிரிக்காதே.

விஷயம் இதுதான். புதிதாக ஓட்டல் கட்டுகிற அம்மா ஒருத்தர் பட்டறைக்கு வந்தார். வாசல் கேட், மாடிப்படிக் கைப்பிடி, அத்தனை பால்கனிக்கும் கிரில், எல்லாம் வேண்டுமாம். பட்டறை இருக்கிற நிலைமை உனக்குத் தெரியும். எல்லோரும் கடையில் ரெடிமேட் கேட்டை வாங்கி மாட்டிக்கொள்கிறார்கள். நானும் வெல்டிங் மிஷினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். இந்த வேலை கிடைத்தால் பட்டறை பிழைக்கும், கிடைக்காவிட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். அந்த அம்மா, "உங்க டிசைனெல்லாம் வெப்சைட்ல இருக்கா?" என்று கேட்டார். "வெப்சைட்ல இல்லம்மா, வீடு வீடா இருக்கு, தெருவுல நடந்தா பாத்துக்கலாம்" என்றேன். சிரித்தார். "இன்னொருத்தர் ஏற்கனவே அனுப்பிட்டாரு. நீங்களும் சனிக்கிழமைக்குள்ள அனுப்புங்க, பாத்துட்டு முடிவு பண்றோம்" என்று போய்விட்டார்.

மருமகப்பிள்ளையிடம் சொன்னேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு. அவர் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவர் என்பதால், எங்கள் வீட்டில் மிக்ஸி ஓடாவிட்டாலும் அவரைத்தான் கூப்பிடுவோம். "கவலைப்படாதீங்க மாமா, வெப்சைட் பில்டர்னு இருக்கு. வீட்ட அவங்களே கட்டி வச்சிருப்பாங்க, நாம சாமான அடுக்கினா போதும்" என்றார். சரி, சீக்கிரம் அடுக்குவோம் என்று பார்த்தால், அப்படி வீடு கட்டி வைத்திருப்பவர்கள் ஒரு ஊரே இருக்கிறார்களாம். எது நல்லது என்று ஒப்பிடத் தொடங்கினார் பார், அடடா, நாடாளப் போகிற மந்திரியைக்கூட ஜனங்கள் இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒன்று இலவசம், ஆனால் அடியில் தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளும். நான் அடுத்தவன் வீட்டு கேட்டில் என் பெயரை வெல்டிங் வைத்த மாதிரி. இன்னொன்று ரொம்ப அழகு, ஆனால் திறப்பதற்குள் டீ போட்டுக் குடித்துத் தம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். மூன்றாவதில் எதை வேண்டுமானாலும் பிடித்து இழுத்து எங்கே வேண்டுமானாலும் வைக்கலாமாம். உன் அக்கா ஆசைப்பட்டு இழுத்ததில் என் போன் நம்பர் காணாமல் போய், மறுநாள் ஒரு படத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. நாலாவது, டிசைன் போடுகிறவர்களுக்கென்றே செய்ததாம். முழுக்க வெள்ளை, வெள்ளைச் சுவரில் பல்லி ஒட்டிக்கொண்ட மாதிரி மூலையில் நாலு எழுத்து. "இதுதான் மாமா இப்ப ஸ்டைல்" என்றார். "பெயிண்ட் அடிச்சு முடிச்சதும் கூப்பிடுங்க மாப்பிள்ளை" என்று நான் படுக்கப் போய்விட்டேன்.

என் மகள் பொறுத்துப் பார்த்தாள். "என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்ளோ யோசிச்சீங்களா?" என்று கேட்டே விட்டாள். "அதுக்கு ஃப்ரீ ட்ரயல் கொடுக்கலையே" என்று கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு தாமதமாகத்தான் வந்தது.

கடைசியில் வெள்ளிக்கிழமை ஒன்றை முடிவு செய்தார். அதில் ஒரு விசேஷமாம். நாம் படத்தைக் கொடுத்தால் போதும், படத்தில் எது முக்கியமோ அதை அதுவே கண்டுபிடித்து, வெட்டி, அழகான வட்டத்துக்குள் நடுவாக வைத்துவிடுமாம். "உங்களுக்கு ஒரு வேலையும் கிடையாது மாமா." உன் அக்கா பீரோவிலிருந்து ஆல்பத்தை எடுத்தாள். இத்தனை வருஷம் நான் செய்த அத்தனை கேட்டும் அதில் இருக்கிறது. அத்தனை கேட்டுக்கு முன்னாலும் நீ இருக்கிறாய்.

நினைவிருக்கிறதா? கேட் மாட்டுகிற அன்றைக்கெல்லாம் வேனில் தொற்றிக்கொண்டு வந்துவிடுவாய். நான் கேமராவைத் தூக்கினதும் சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு போய் நடுவில் நிற்பாய். "தள்ளி நில்லுடா, டிசைன் மறைக்குது" என்பேன். "ஆள் இல்லாத கேட்டு ஜெயிலு மாதிரி இருக்கும் அத்தான், சும்மா எடுங்க" என்பாய். நானும் எடுத்துத் தொலைத்தேன்.

மருமகப்பிள்ளை எல்லாப் படத்தையும் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் கீழே நான் சொன்ன வரியைப் போட்டு, ஒரு பொத்தானை அமுக்கி, அதே மூச்சில் ஓட்டல் அம்மாவுக்கும் அனுப்பிவிட்டு, காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினார். முதலில் பார்த்தது உன் அக்காதான். "ஏங்க, என் தம்பிய விக்கப் போறீங்களா?" என்றாள்.

எட்டிப் பார்த்தேன். வட்டம் வட்டமாக உன் முகம். வேறு ஒன்றுமே இல்லை. அந்த மிஷினுக்கு முக்கியமாகப் பட்டது நீ ஒருத்தன்தான், உன்னை அப்படி நினைத்ததில் உலகத்திலேயே முதல் ஆள் அது. நீ மீசை வைத்த முகத்துக்குக் கீழே 'துருப்பிடிக்காது, பத்து வருட உத்தரவாதம்'. கொட்டாவி விடுகிற முகத்துக்குக் கீழே 'எண்ணெய் போட்டால் சத்தமில்லாமல் திறக்கும்'. போன வருஷத்து முகத்துக்குக் கீழே 'எவ்வளவு அகலத்திலும் செய்து தரப்படும்'. வழுக்கை விழத் தொடங்கிய முகத்துக்குக் கீழே 'பழசுக்கு மேல் புதுப் பெயிண்ட் அடித்துத் தருவோம்'. என் மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். வட்டத்தைச் சதுரமாக்குங்கள் என்றால், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டுமாம். "மாமா, தப்பு பில்டர் மேல இல்ல. நீங்க ஃபோட்டோ எடுத்தது கேட்டையா, உங்க மச்சானையா?" என்று மருமகப்பிள்ளை கேட்கிறார். அதற்குப் பதில் நீதான் சொல்ல வேண்டும், அதனால் உனக்கு எழுதுகிறேன்.

ஓட்டல் அம்மாவிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை. அவர் அந்த இன்னொருத்தரிடம் போயிருப்பார். வேலை போனது போனதுதான். இனிமேல் நீ என் பட்டறைப் பக்கம் வரவே வேண்டாம். வந்தாலும் நான் செய்த எதற்கு முன்னாலும் நிற்க வேண்டாம். உன் வீட்டுக்காரிக்கும் குழந்தைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். நீ நூறு வயசு நன்றாக இரு. ஆனால் ஓரமாக இரு.

இப்படிக்கு,
உன் அக்கா புருஷன்

பின்குறிப்பு: கவரை ஒட்டிவிட்டேன், மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. ஓட்டல் அம்மா இப்போதுதான் போன் பண்ணினார். வட்டத்தைத் தொட்டால் முழுப் படமும் விரியுமாம். எங்கள் வீட்டில் உன் முகத்தைத் தொட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. "அந்த இன்னொருத்தர் அனுப்புன கேட்டு எல்லாம் தனியா நிக்குது, அரண்மனைக் கேட்டா நாய்க்கூண்டுக் கேட்டான்னே தெரியல. உங்களுதுல அந்த ஆளு நிக்கிறதால உயரம் பளிச்சுன்னு தெரியுது. எனக்கு பால்கனி கிரில்லு அவரு நெஞ்சு உயரம் வேணும், வாசல் கேட்டு அவரு தலைக்கு மேல ரெண்டு சாண் வேணும். அவரையே கூட்டிட்டு வாங்க, நிறுத்தி வச்சு அளந்துக்கலாம்" என்கிறார். வேலை நமக்குத்தான். ஆகையால் மேலே எழுதியதெல்லாம் வேறு ஏதோ மச்சானுக்கு எழுதியது என்று வைத்துக்கொண்டு உடனே புறப்படு. அளவு மாறிவிடும், குதிகால் உயர்ந்த செருப்பு போடாதே. உன்னை எந்த பஸ்ஸில் வரச் சொல்லலாம் என்று மருமகப்பிள்ளை ஒப்பிட ஆரம்பித்துவிட்டார். அவர் முடிவு செய்வதற்குள் வந்து, நடுவில் நில்.