கப்டன் நெருப்பன் கதைக்க மாட்டான்

மனித குலத்துக்குக் கண் முளைத்ததே தொலைக்காட்சி பார்ப்பதற்காகத்தான் என்று பிருந்தன் அறிவித்தான். பிரெஞ்சு பேசும் குளிர்நகரொன்றின் வில்லரேப் பகுதியில், ஒரு மளிகைக்கடையின் மேல்மாடியில், தொடங்கி ஆறு வாரமேயான தமிழ்த் தொலைக்காட்சியின் ஒரே இயக்குநர் அவன்.

"ரேடியோ எண்டது கண் முளைக்கிறதுக்கு முந்தின காலம், அண்ணை. 'ஐயோ, இந்தா கதவைத் திறக்கிறன்! ஐயோ, துவக்கை எடுக்கிறன்!' எண்டு எந்த உளவாளியாவது கத்திக்கொண்டு திரிவானோ?"

நிலைய உரிமையாளர் மகேந்திரராசா தலையாட்டினார். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் உள்ளூர்த் தமிழ் வானொலியில் சனிக்கிழமைதோறும் போன 'கப்டன் நெருப்பன்' உளவுத் தொடரைத் தொலைக்காட்சிக்கு மாற்ற, வெள்ளி மாலை ஏழு மணியை அவனுக்குக் கொடுத்திருந்தார்.

"முதல் பகுதி சனத்துக்குப் பிடிக்கேல்லையெண்டால், அந்த நேரத்தை எண்சாத்திரக்காரருக்குக் குடுத்திடுவன். அவர் மூண்டு கிழமையாய்க் கேட்டுக்கொண்டு நிக்கிறார்."

நெருப்பனுக்கு அந்தக் காலத்தில் குரல் கொடுத்தவர் சூசைப்பிள்ளை. வானொலியில் ஆறடி உயரமாகக் கேட்டவர், நேரில் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றார்.

"அண்ணை, உங்கட குரல் மட்டும்தான் உயரம்" என்றான் பிருந்தன்.

"இருக்கட்டும். நான் சொல்லாட்டில் என்ன நடக்குதெண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்?"

"பாப்பினம், அண்ணை. கண்ணாலை."

சூசைப்பிள்ளை கோபித்துக்கொண்டு, தன் பிழைப்பான பஸ் ஓட்டும் வேலைக்கே போய்விட்டார்.

அவருடைய இடத்துக்குக் கிரி வந்தான். ஆறடி இரண்டங்குலம். இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அவன் "கையைத் தூக்கு!" என்று மிரட்டியது, கடைக்காரப் பிள்ளை பிரெஞ்சில் "வேறென்ன வேணும்?" என்று கேட்பதுபோல் இனிமையாக இருந்தது. எதிரியாக நடித்தவன் சிரித்துவிட்டான்.

"உண்மையான உளவாளி கதைக்க மாட்டான்" என்று பிருந்தன் நெருப்பனின் வசனம் முழுவதையும் வெட்டினான்.

இப்போது எதிரி மட்டும் கேள்வி கேட்டான், பதில் வரவில்லை. பார்ப்பதற்கு, கோபமாயிருக்கும் மனைவியிடம் ஒருவன் மன்னிப்புக் கேட்பதுபோல் இருந்தது. எதிரியின் வசனமும் போயிற்று.

துறைமுக வேலியோரம் படப்பிடிப்பு. குளிர் மைனஸ் இருபத்திரண்டு. எல்லோரும் கறுப்பு ஜக்கெற், கறுப்புத் தொப்பி, மூக்குவரை சால்வை. யார் உளவாளி, யார் எதிரி என்று கமராக்காரருக்கே தெரியவில்லை. பத்து நிமிடம் அவர் பஸ்ஸுக்கு நின்ற ஒருவரைப் பின்தொடர்ந்து எடுத்திருந்தார். பிருந்தன் கிரியின் ஜக்கெற்றைக் கழற்றச் சொன்னான். மறுநாள் கிரிக்குத் தொண்டை முற்றாக அடைத்துவிட்டது. வசனம் இல்லாததால் பாதகமில்லை.

மைக்கில் பதிந்திருந்தது காற்று மட்டுமே. பிருந்தன் அதையும் நீக்கிவிட்டான்.

"இப்பதான் சுத்தமான படம்" என்றான்.

வெள்ளி ஏழு மணிக்கு நெருப்பன் சத்தமில்லாமல் வேலியில் ஏறத் தொடங்கினான். ஏழு இரண்டுக்குத் தொலைபேசி அடித்தது.

"பாத்தீங்களோ அண்ணை? இண்டைக்கு வாழ்த்துச் சொல்லியே களைக்கப்போயினம்!"

மகேந்திரராசா எடுத்துக் கேட்டுவிட்டு வைத்தார். "சத்தம் வரேல்லையாம்."

மறுபடி அடித்தது. "இவையளுக்கும் வரேல்லையாம்."

மறுபடி. "இவர் ரீவிக்கு ரெண்டு அடி போட்டும் பாத்திட்டாராம்."

பிருந்தன் திரையின் அடியில் எழுத்துப் போட்டான்: 'ஒலியில் கோளாறு இல்லை. இது மௌனக் காட்சி.'

அழைப்புகள் இரண்டு மடங்காயின. எழுத்தைச் சிவப்பாக்கினான். பெரிதாக்கினான். கடைசியில் எழுத்து திரை முழுவதையும் நிரப்பியது. கிரியின் ஒரு காது மட்டும் ஓரத்தில் தெரிந்தது. தொலைபேசி ஓயவில்லை.

"எண்சாத்திரக்காரர் கீழை கடையிலை வெங்காயம் வாங்கிக்கொண்டு நிக்கிறார்" என்றார் மகேந்திரராசா. "மேலை வரச் சொல்லட்டோ?"

"ரெண்டு நிமிசம், அண்ணை!" பிருந்தன் தொலைபேசியைப் பறித்தான். "ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"அஹுன்ட்சிக்கிலையிருந்து செல்வமலர். சத்தத்தைப் போடுங்கோ தம்பி."

"அக்கா, இவ்வளவு பெரிய எழுத்திலை போட்டிருக்கிறம். வாசிக்கேல்லையோ?"

மறுமுனையில் ஏதோ எண்ணெயில் பொரிந்தது.

"ரீவி ஹோலிலை எல்லோ கிடக்கு. நான் குசினியிலை நிக்கிறன்."

"அப்ப ஹோலிலை ஒருத்தரும் இல்லையோ?"

"இவர் இருக்கிறார். போனைப் பாக்கிறார். தமிழ் ரீவியை ஆர் தம்பி பாக்கிறது? வேலையோடை வேலையாய்க் கேக்கிறதுதானே!"

பிருந்தன் தொலைபேசியை வைத்தான். திரையிலிருந்த எழுத்தை எடுத்தான். செய்தி வாசிக்கும் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, மகேந்திரராசாவின் முகத்தைப் பார்க்காமல், தணிந்த குரலில் சொன்னான்:

"உஸ்ஸ்... நான் இப்ப வேலிக்கு மேலாலை ஏறுறன். கால் வழுக்குது... ஐயோ, எதிரி வாறான்!"