இயற்கையாக அமைந்த மைதானம்

அன்பும் மதிப்பும் மிக்க மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் அக்காவும் நலம். அங்கு நீங்களும் தங்கையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். நலம் விசாரித்தாகிவிட்டது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நம் கால்பந்து, கிரிக்கெட் மைதானத்தின் பொன்விழா மலருக்காக நீங்கள் எழுதிய வரலாற்றின் புரூஃப் நேற்று வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி: "இயற்கையாகவே சமதளமாக அமைந்த இந்த மைதானம்." கையிலிருந்த டீ பாதி சட்டையில். இயற்கையாகவே! முப்பத்தொரு வருடம் அந்தத் தரையைக் கட்டிக் காத்தவன், அதுவும் உங்கள் சொந்த அக்கா புருஷன், இன்னும் உயிரோடு இருக்கும்போது இதை எழுத எப்படி ஐயா மனம் வந்தது?

வரலாறு எழுதுகிறவர் யாரிடமாவது வரலாற்றைக் கேட்டிருக்கலாம். அது செங்கல் சூளைக்காரர் மண்ணை அள்ளிவிட்டுப் போன பள்ளம். ஆள் இறங்கினால் தலை தெரியாது. அதில் இந்தப் புறநகரே குப்பையைக் கொட்டியது. இடித்த சுவர், உடைந்த கழிப்பறைத் தொட்டி, மூடிப்போன சலூனின் நாற்காலிகள், இன்னும் சொல்லக் கூசுகிற சாமான்கள் எல்லாம் உள்ளே போயின. மேலே நாலு லாரி மண்ணைத் தூவிவிட்டு, "இனி நீ பாத்துக்கப்பா" என்று சாவியை என் கையில் கொடுத்தார்கள். முதல் மழைக்கே மைதானம் வாயைப் பிளந்தது. கார்னர் கிக் அடிக்கப் போனவர் முழங்கால் வரை இறங்கிவிட்டார். விசில் ஊதுவதா, ஆளை இழுப்பதா என்று தெரியாமல் நடுவர் விழித்தார். நம் கோல்கீப்பர் 'தூண்' இருந்தாரே, பந்து வந்தாலும் நகராதவர், அவரே ஒரு நாள் அலறிக்கொண்டு ஓடினார். போய்ப் பார்த்தால், கோல் வாசலில் சலூன் நாற்காலியின் கைப்பிடி முளைத்திருக்கிறது. இதுவா இயற்கை?

மழைக்காலம் முழுக்கக் கால்பந்துக்காரர்கள் ஆணி பூட்ஸால் தரையைக் குத்திக் கிழிப்பார்கள். வெயில் அடித்ததும் கிரிக்கெட்காரர்கள் வந்து, "என்னண்ணே, பிட்ச் இப்படிக் கிடக்கு? பந்து எகிறி மூஞ்சிக்கு வருதே" என்பார்கள். ஒவ்வொரு குழியிலும் சலித்த களிமண்ணைப் போட்டு, தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, மட்டம் பார்த்தவன் யார்? "வீட்டுல குழாய் ஒழுகுது, அதைப் பாக்க ஆள் இல்ல. அங்க போய் புல்லுக்குத் தலை சீவிக்கிட்டு இருக்கீங்க" என்று உங்கள் அக்கா திட்டாத நாள் உண்டா? அந்த ரோலரை இழுக்க நாலு பேர் வேண்டும். எனக்குக் கொடுத்தது ஒரே ஒரு ஆள், அவரும் பாதி நாள் லீவு. எங்களுக்குக் கல்யாணமான புதிதில் அக்காவைப் பார்க்க வந்த உங்களையே மூன்று நாள் ரோலரில் பூட்டினேன். நான்காம் நாள் சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். "மாமா, இனிமே அக்காவைப் பாக்கணும்னா நீங்களே இங்க கூட்டிட்டு வாங்க" என்று கடிதம் போட்டீர்களே, மறந்துபோச்சா? உங்க உள்ளங்கையில வந்த கொப்புளமும் இயற்கையா வந்ததுதானா?

மனசு எரிகிறது, மைத்துனரே. எனக்கு மாலை வேண்டாம், மேடை வேண்டாம். அந்த வரியை வெட்டிவிட்டு, இந்தத் தரையை ஒரு மனிதன் செய்தான் என்று ஒரே ஒரு வரி போடுங்கள். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போவதற்குள் அது நடக்காவிட்டால் விழாவுக்கு நானும் வர மாட்டேன், உங்கள் அக்காவையும் அனுப்ப மாட்டேன். இந்த ஜென்மத்தில் உங்கள் வீட்டு வாசற்படியை மிதிக்கவும் மாட்டேன்.

தங்கைக்கு என் அன்பு. குழந்தைகள் நன்றாகப் படித்து நீண்ட நாள் வாழ என் ஆசிகள். உங்களுக்கும்தான், கோபம் ஒரு பக்கம் இருந்தாலும்.

இப்படிக்கு,
மனம் நொந்த அக்கா புருஷன்,
மைதானக் காப்பாளர் (ஓய்வு)

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது உங்கள் அக்கா புரூஃபை வாங்கிப் பார்த்தாள். "பக்கத்துக்கு அடியில பொடி எழுத்துல என்னமோ இருக்கே, அதைப் படிச்சீங்களா?" என்றாள். படிக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தேன். "ஆதாரம்: மைதானக் காப்பாளர் லீக் அதிகாரிக்குக் கைப்பட எழுதிக் கொடுத்த வாக்குமூலம்" என்று இருக்கிறது. குப்பை கொட்டி நிரப்பிய நிலத்தில் போட்டி நடத்த அனுமதி கிடையாது என்று அந்த அதிகாரி வந்து நின்றபோது, "இது இயற்கையாவே இப்படித்தான் சார், கடவுள் கொடுத்தது" என்று சொன்னவனும் நான்தான், எழுதிக் கையெழுத்துப் போட்டவனும் நான்தான். மைதானத்தின் அனுமதி இன்றைக்கும் அந்தக் காகிதத்தை நம்பித்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதை எல்லாம் படித்தவுடன் கிழித்துவிடுங்கள். மலரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். விழாவுக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். ஒன்றே ஒன்று மட்டும் செய்யுங்கள். மேடையில் இயற்கைக்கு நன்றி சொல்லும்போது வானத்தைப் பார்க்காமல், முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்துச் சொல்லுங்கள்.