வேலுமணியின் நாக்கு

துப்புவதற்கு ஒரு பாத்திரம் வேண்டும் என்று வேலுமணி கேட்டதும் பெண் வீட்டார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எதுக்குங்க மாப்ள? வெத்தலை போட்டிருக்கறீங்களா?" என்று கேட்டார் வருங்கால மாமனார் லிங்கசாமி.

"இல்லீங்க மாமா. டீயைத் துப்பறதுக்கு."

குன்னூரில் முப்பது வருடம் இரும்புக்கடை நடத்தியதில் எல்லா ரக மனிதர்களையும் பார்த்தாகிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தவர் லிங்கசாமி. அந்த நம்பிக்கை அன்றோடு போயிற்று. மாமியார் சுசீலா உள்ளே போய், பொங்கலுக்கு மட்டும் வெளியே எடுக்கும் பித்தளைப் போசியைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் காலடியில் வைத்தாள்.

மேசை மேல் நான்கு கோப்பைகள் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஒன்று கல்யாணப் பெண் இந்துமதி போட்டது. மற்ற மூன்றும் அவள் அம்மா சுசீலா, அண்ணி ஷண்முகப்ரியா, வீட்டு வேலை செய்யும் சுப்பம்மா ஆகியோர் போட்டவை. எது யாருடையது என்று எழுதிய சீட்டு அந்தந்த சாஸருக்கு அடியில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. வேலுமணி ஒரு கரண்டி டீயை எடுத்து, பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்படி ஒரு உறிஞ்சு உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றிப் போசியில் துப்பினான்.

"நம்ம டீயைத் துப்பறாரு கண்ணு," என்று சுசீலா மருமகளின் காதில் சொன்னது தெரு வரைக்கும் கேட்டது.

"அத்தை, அவருக்கு அதுதானுங்க உத்தியோகம்."

உண்மைதான். ஏலத்தில் தேயிலை விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் வேலுமணி டீ டேஸ்டர். வாரத்தில் இரண்டு நாள், வரிசையாக வைத்த இருநூற்றெண்பது கோப்பைகளை உறிஞ்சித் துப்பிக்கொண்டே நடப்பான். கோப்பைக்கு ஒரு வாய், வாய்க்கு ஒரு சொல், அவ்வளவுதான். கட்டபெட்டு இலையா பந்தலூர் இலையா, கொழுந்தை வாட்டியது போதுமா போதாதா, எல்லாம் அந்த நாக்குக்குத் தெரியும். பச்சைத் தேயிலை கிலோ ஐந்து ரூபாய்க்கும் கீழே இறங்கி, மலையில் பாதிக் கல்யாணங்கள் தள்ளிப்போய்க்கொண்டிருந்த வருடம் அது. கம்பெனி ஆறு பேரை வீட்டுக்கு அனுப்பியும் வேலுமணியை விடாமல் வைத்திருந்தது அந்த நாக்குக்காகத்தான்.

நாக்குக்கு இருந்த துணிச்சல் மனசுக்கு இல்லை. வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

இந்துமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இரண்டு வருடம் பஸ் ஸ்டாண்டில் நின்று பேசிப் பழகி, இரண்டு வீட்டிலும் சம்மதம் வாங்கி, நிச்சயமும் முடிந்துவிட்டது. மறுநாள் காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வி வந்தது. 'நான் இவளை நிஜமாகவே விரும்புகிறேனா?'

வந்தது போகவில்லை. அவளைப் பார்க்கும்போது நெஞ்சு படபடக்கிறதா என்று மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தான். எழுபத்திரண்டு. காதலிக்கிறவனுக்கு எழுபத்திரண்டு போதுமா? அவளோடு சிரித்துவிட்டு வந்தால், அது நிஜச் சிரிப்பா மரியாதைச் சிரிப்பா என்று கண்ணாடி முன்னால் நின்று மறுபடி சிரித்துப் பார்த்தான். கூட வேலை பார்க்கும் மனோகரனை ஒரு நாளும் விடவில்லை.

"மனோ, நேத்து இந்துகூடப் பேசிட்டிருந்தப்போ நீ பாத்தீல்ல? என்ற மூஞ்சியில ஆசை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எவ்வளவு?"

"ஏப்பா, இதென்ன கடலைப்பருப்பா, நிறுத்துச் சொல்றதுக்கு?"

இந்தப் பதிலில் பத்து நிமிடம் நிம்மதியாக இருப்பான். பதினோராவது நிமிடம், மனோகரன் மனசு நோகக்கூடாது என்று சொல்லியிருப்பானோ என்று தோன்றும். மறுபடி போய்க் கேட்பான். மனோகரன் அவனைக் கண்டால் பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் நிலைமைக்கு வந்துவிட்டான்.

கேட்கிறவர்களுக்கு வேடிக்கை. பட்டவனுக்கு அப்படியில்லை. அவளை இழந்துவிடுவோமோ என்று ஒரு பயம், ஒரு நல்ல பெண்ணை ஏமாற்றுகிறோமோ என்று இன்னொரு பயம், இரண்டுக்கும் நடுவில் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. வாயைத் திறந்து சொன்னால் கல்யாணமே நின்றுவிடும் என்று யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எந்த எஸ்டேட் இலை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் நாக்கு, தான் விரும்புகிறவள் கையால் போட்ட டீயைக் கண்டுபிடிக்காதா? கண்டுபிடித்துவிட்டால் காதல் நிஜம். டீ டேஸ்டரைத் தவிர வேறு யாருக்கும் இப்படி ஒரு கோணல் புத்தி தோன்றாது. "சும்மா ஒரு விளையாட்டு" என்று இந்துமதியிடம் சொன்னான்.

"டீயா?" என்று அவள் கொஞ்சம் தயங்கினாள். "சரிங்க, அம்மாகிட்டச் சொல்றேன்."

இப்போது நான்கு கோப்பையும் உறிஞ்சித் துப்பியாகிவிட்டது. முதல் சுற்றிலேயே நாக்கு அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டது: நாலும் ஒரே கை.

அதெப்படி? போட்டது நான்கு பேர். நாக்குதான் தப்பு. தொழிலில் செய்யவே கூடாததைச் செய்தான். ஆறிய கோப்பைகளை மறுபடி உறிஞ்சினான். மூன்றாம் சுற்றும் போனான். போசி பாதி நிறைந்தது. கடைசியில் குருட்டாம்போக்கில், "மூணாவது," என்றான்.

சுசீலா சீட்டைப் பிரித்தாள். அவள் பெயரே இருந்தது.

"என்ற கைப்பக்குவம் அப்படிங்க மாப்ள," என்று அவள் முகமெல்லாம் சிவந்துபோனாள். ஷண்முகப்ரியா சிரிப்பை அடக்கப் புரையேறி உள்ளே ஓடினாள்.

அதற்கப்புறம் மூன்று நாள், மாமியார் முகம் ஞாபகம் வரும்போதெல்லாம் வேலுமணி பயந்துபோய் நாடியைப் பிடித்துப் பார்த்தான். எழுபத்தாறு.

தப்பு தேயிலையில்தான் என்று முடிவுகட்டி அடுத்த ஞாயிறு ஆபீஸிலிருந்து முதல் தரச் சாம்பிள், சின்னத் தராசு, மணல் கடிகாரம், ஒரே அளவான வெள்ளைக் கோப்பைகள் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தான். சமையலறைக்குள் நுழையப் பார்த்தபோது சுசீலா வாசலை மறித்தாள்.

"மாப்ளைங்க சமையக்கட்டுக்குள்ள வரப்படாதுங்க. அளவைச் சொல்லுங்க, நாங்க பாத்துக்கறோம்."

சொன்னான். நான்கு கோப்பை வந்தது. உறிஞ்சினான். நாக்கு போன வாரம் சொன்னதையே சொன்னது. அதை அதட்டி அடக்கிவிட்டு, "ஒண்ணாவது," என்றான்.

சீட்டில் 'சுப்பம்மா' என்று இருந்தது.

சுப்பம்மா இருபது வருடத்துக்கு முன் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இப்படி ஒரு சங்கடத்தில் மாட்டுவோம் என்று அவள் நினைத்ததில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனவள் அன்று வெளியே வரவில்லை.

லிங்கசாமி மாப்பிள்ளையை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"மாப்ள, ஒண்ணு கேக்கறேன். தேயிலை விலை உழுந்துபோச்சு, கல்யாணத்தைத் தள்ளிப் போடோணும்னா நேராச் சொல்லிப்போடுங்க. இப்படி டீயைத் துப்பித் துப்பிக் காட்ட வேண்டாமுங்க."

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"அப்பறம் என்னதான் சந்தேகம்?"

உண்மை தொண்டை வரைக்கும் வந்து திரும்பிப் போயிற்று. "என்ற நாக்கு மேலதானுங்க," என்று சொல்லிவைத்தான்.

லிங்கசாமி எதையும் பாதியில் விடுகிறவர் அல்ல. திங்கட்கிழமை காலை கம்பெனிக்கே போன் போட்டு, மாப்பிள்ளையின் நாக்கில் ஏதாவது கோளாறா என்று விசாரித்துவிட்டார்.

போனை எடுத்தவர் தலைமை டேஸ்டர் எட்மண்ட். எடுத்த நேரமும் சரியில்லை. தன் நாக்கைத் தானே நம்பாமல் ஒவ்வொரு கோப்பைக்கும் மூன்று முறை திரும்பி நடந்துகொண்டிருந்தான் வேலுமணி. மத்தியானத்துக்குள் முடிய வேண்டிய வரிசை, சாயங்காலமாகியும் நூற்றுப்பத்தாவது கோப்பையில் நின்றது.

"என்ன மேன், உன் மாமனார் போன் பண்ணி உன் நாக்குக்கு என்ன ஆச்சுன்னு கேக்கிறார். நானும் அதையேதான் கேக்கிறேன்," என்றார் எட்மண்ட். "ஒரு வாரம் லீவ் எடுத்துக்கோ. திரும்பி வந்தா நாக்கோட வா. இல்லாட்டி வரவே வேண்டாம்."

லீவில் இருந்தவனை இந்துமதி சிம்ஸ் பார்க்குக்கு வரச் சொன்னாள்.

"ஏனுங்க, இந்த டீ விஷயத்துல உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும். நான் வந்து..."

"இரு இந்து. இப்ப உன்னைப் பாத்ததும் நான் கையசைச்சேன்ல, அது சந்தோஷமா அசைச்ச மாதிரி இருந்துச்சா, இல்ல பழக்கதோஷமா?"

அவள் சொல்ல வந்ததை அப்படியே விட்டுவிட்டாள். "உங்களுக்கு என்னைப் புடிக்கலைன்னா சொல்லிருங்க," என்று எழுந்து போனாள். அவள் நடந்துபோனதைப் பார்த்த வேலுமணி கேட் வரைக்கும் பின்னாலேயே ஓடினான், பிடிக்க முடியவில்லை. அப்போது மட்டும் நாடி பிடித்துப் பார்க்க அவனுக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்தால் லிங்கசாமி சொல்லியனுப்பிய சேதி காத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டும். கல்யாணப் பத்திரிகையை அச்சுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்பது அன்றைக்கே தெரிந்தாக வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு. மேசை, நான்கு கோப்பைகள், பளபளவென்று தேய்த்து வைத்த போசி. செருப்பைக் கழற்றும்போதே சுசீலா ஓடி வந்து காதருகில் குனிந்தாள்.

"மாப்ள, ரெண்டாவது கப்புங்க. இந்து போட்டது. மறந்துறாதீங்க."

வேலுமணிக்கு உயிர் வந்தது. விடை கையில் இருக்கிறது. உள்ளே போனான், வரிசையாக நான்கையும் உறிஞ்சினான். நாக்கு தன் பழைய பாட்டையே பாடியது. பாடிவிட்டுப் போகட்டும். 'ரெண்டாவது' என்று சொல்ல வாயைத் திறந்தான்.

உடனே உள்ளேயிருந்து அந்தக் குரல். 'அத்தை சொன்னதால்தானே சொல்கிறாய்? நீயாகக் கண்டுபிடித்தாயா?'

விடை தெரிந்த பிறகும் இது கேட்கிறது. தானாகவே கண்டுபிடித்திருந்தாலும், குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லியிருக்கும். பத்து முறை கண்டுபிடித்தால் பதினொன்றாவது முறை கேட்டிருக்கும். இதற்குத் தீனி போட்டுப் போட்டுத்தானே இப்படிக் கொழுத்துக் கிடக்கிறது! இரண்டு மாதமாக அந்தச் சந்தேகத்துக்குப் பயந்து பயந்து நடந்தவனுக்கு முதல் முறையாக அதன் மேல் கோபம் வந்தது. நல்ல கோபம். கரண்டியை மேசை மேல் வைத்தான். இரண்டாவது கோப்பையை அப்படியே தூக்கி, துப்பாமல், மடமடவென்று குடித்து முடித்தான்.

"முழுங்கிட்டாரு!" என்றாள் ஷண்முகப்ரியா.

"மாமா, இது விளையாட்டு இல்லீங்க," என்றான் வேலுமணி. "இந்துவை நான் நெசமாவே விரும்பறனான்னு என்ற மனசு இருபத்திநாலு மணி நேரமும் கேட்டுட்டே இருக்குதுங்க. அவ மேல ஒரு குறையும் இல்லீங்க. என்ற மனசு அப்படி. நிச்சயமாத் தெரிஞ்சுக்கோணும்னுதான் டீயைக் குடிச்சுக் குடிச்சுத் துப்பினேன்."

கதவோரம் நின்றிருந்த இந்துமதி நேராக அவன் முன்னால் வந்தாள். கண் நிறைந்திருந்தது.

"இதைத்தான் இத்தனை நாளா மனசுல போட்டுக்கிட்டு இருந்தீங்களா?"

"ஆமா. சொன்னா நீ போயிருவியோன்னு பயம். அன்னைக்கு பார்க்குல நீ எந்திரிச்சுப் போனப்போதான், இந்தக் கேள்வியைவிட நீ இல்லாததுதான் பெரிய கஷ்டம்னு தெரிஞ்சுது."

"நாளைக்கும் அது கேட்டா?"

"கேக்கும். கல்யாணத்தன்னைக்கும் கேக்கும். கேட்டுட்டுப் போகட்டும். பந்தியில அதுக்கும் ஒரு இலை போட்டு உக்கார வெச்சரலாம். தாலியை நான் கட்டிப்போடறேன்."

இந்துமதி அழுதுகொண்டே சிரித்தாள். "பாயசமும் ஊத்தச் சொல்றனுங்க," என்றாள்.

வேலுமணிக்கு அப்போது இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. சந்தேகம் போய்விடவில்லை, ஒரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டேதான் இருந்தது. ஆனால் வீட்டுச் சாவி இப்போது அதனிடம் இல்லை. மலையிலுள்ள அத்தனை தேயிலையும் ஒரே நாளில் விலை ஏறிவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

லிங்கசாமி மட்டும் தொண்டையைக் கனைத்தார். எதையும் பாதியில் விடாதவர் என்று முன்பே சொன்னேன்.

"எல்லாஞ் செரிங்க மாப்ள. இருந்தாலும் கேக்கறேன். இந்து போட்ட டீ எந்தக் கப்புல இருக்குது?"

சுசீலா புடவை மறைவிலிருந்து இரண்டு விரலை நீட்டினாள். வேலுமணி பார்த்தான். பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"தெரியலீங்க மாமா. நாலும் ஒரே கைன்னுதான் என்ற நாக்கு சொல்லுது. மூணு வாரமா அதையேதான் சொல்லுது. நாக்கு போனாப் போகட்டுமுங்க, வேற வேலை தேடிக்கலாம். நீங்க பத்திரிகையை அச்சுக்குக் குடுங்க."

சுசீலா விரலை மடக்கிக்கொண்டு விட்டத்தைப் பார்த்தாள். ஷண்முகப்ரியா தரையைப் பார்த்தாள். இந்துமதி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கோப்பைகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த சுப்பம்மாதான் நிமிர்ந்தாள்.

"தம்பி நாக்குக்கு ஒண்ணும் ஆகல்ல தொரை, காப்பி குடிக்கிற இந்த வீட்டுல ஒருத்தருக்கும் தேத்தண்ணி ஊத்தத் தெரியாதுன்னு மூணு கெழமையும் நாலு கோப்பையும் நான் ஒருத்திதானே ஊத்தினேன்!"