மொட்டை மாடியில் என் வெற்றிக்கம்பம்

இந்த முறை முடிவெடுப்பது நான்தான் என்று ஞாயிற்றுக்கிழமை காலை சவரம் செய்துகொண்டிருந்தபோது தீர்மானித்தேன். கண்ணாடியில் இருந்தவன் நம்பவில்லை. ஆனாலும் தீர்மானித்தேன்.

விஷயம் இதுதான். தெருவில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் எங்கள் கேபிளையும் சேர்த்து அறுத்துவிட்டார்கள். டிவி இருண்டு பத்து நாளாகிறது. மறுபடியும் கேபிளா, இல்லை மொட்டை மாடியில் டிஷ்ஷா? எனக்கு டிஷ்தான் வேண்டும். நான் ஆசைப்படும் கால்பந்து சேனல் அதில்தான் வரும்.

என் உத்தியோகம் லிஃப்ட் பரிசோதனை. நான் கையெழுத்துப் போட்டால்தான் பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் ஜனங்கள் ஏறி இறங்க முடியும். வீட்டிலோ என் பேச்சு முதல் மாடிக்குக்கூட ஏறியதில்லை. கல்யாணமான இந்த இருபத்தேழு வருஷத்தில் திரைச்சீலையின் நிறம், கட்டில் போடும் திசை, என் மீசை என்று எதையுமே நான் முடிவு செய்ததில்லை. குற்றம் என் மனைவியுடையதா, என்னுடையதா என்று பல நாள் யோசித்திருக்கிறேன். யோசிப்பதுதான் குற்றம் என்கிறாள் அவள். துணி உலர்த்தும் கொடி கட்ட மாடியில் ஒரு கம்பம் நட்டுத் தரச் சொல்லி மூன்று வருஷமாகக் கேட்கிறாள். இரும்பா, மரமா என்று நானும் மூன்று வருஷமாக யோசிக்கிறேன். துணியெல்லாம் நாற்காலி முதுகில் காய்கிறது.

என் திட்டம் எளிமையானது. நான் எதைச் சொன்னாலும் அவள் எதிர்ப்பக்கம் போவாள். ஆகவே நான் கேபிளுக்கு வாதாடுவேன். அவள் டிஷ்ஷைப் பிடித்துக்கொள்வாள். நான் தோற்று ஜெயிப்பேன். கட்டிய மனைவியிடம் இப்படிக் கபடம் ஆடலாமா என்று மனசாட்சி கேட்டது. கால்பந்தைக் காட்டினேன். ஒதுங்கி நின்றது.

சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"கேபிளே இருக்கட்டும்னு பார்க்கிறேன்," என்றேன், அலட்சியமாக.

"ஏனாம்?"

"பத்து வருஷப் பழக்கம். கேபிள்காரர் நல்ல மனுஷன்."

"நல்ல மனுஷனை வீட்டுக்குக் கூப்பிட்டு உட்கார வச்சுப் பார்க்கலாம். அதுக்கு டிவி எதுக்கு?"

கொக்கி மாட்டிவிட்டது! நான் இன்னும் இழுத்தேன்.

"டிஷ்ஷுன்னா மாடியில தரையைத் துளைச்சு கம்பம் நடணும். வீடு நாசமாயிடும்."

"துளைச்சா துளைக்கட்டும். கம்பம் நல்லா ஸ்ட்ராங்கா இருக்குமா?"

"யானையைக் கட்டலாம். ஆனா, மழை பேஞ்சா படம் நின்னுடுமே!"

பூண்டு உரிப்பது ஒரு கணம் நின்றது. "நிஜமாவா? தூறல் விழுந்தாலே நின்னுடுமா?"

பயந்துபோனேன். அதிகமாக வாதாடிவிட்டேனோ? "சேச்சே, பெரிய மழைக்கு மட்டும்தான். அதுவும் விழறதுக்கு முன்னாடியே, மேகம் கறுத்தாலே சில சமயம்..."

"நின்னா நிக்கட்டும். அந்த நேரத்துல வேற வேலை பார்க்கலாம். டிஷ்தான். முடிவு பண்ணியாச்சு."

"சரி, உன் இஷ்டம்," என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் இரண்டு குதி குதித்தேன்.

புதன்கிழமை டிஷ்காரர் வந்தார். அரைநாள் லீவு போட்டுவிட்டு, தளபதி மாதிரி பக்கத்தில் நின்றேன். கம்பத்தை நட்டார். டிஷ்ஷைப் பூட்டினார். பிறகு பையிலிருந்து இரண்டு இரும்புக் கொக்கிகளை எடுத்தார். ஒன்றைக் கம்பத்தின் நடுவிலும், இன்னொன்றை எதிர்ச் சுவரிலும் பொருத்தினார்.

"இது எதுக்குங்க?"

"துணிக்கொடி கட்டத்தான் சார். போன வாரம் போன் பண்ணும்போதே மேடம் சொல்லிட்டாங்க."

"போன வாரமா? நாங்க ஞாயித்துக்கிழமைதானே முடிவு பண்ணினோம்?"

"அது தெரியாது சார். சாருக்கு டிஷ்தான் பிடிக்கும், ஆனா அவரா கேட்க மாட்டாரு, ரெண்டு நாள் பொறுத்துக்கங்கன்னாங்க."

அவள் நைலான் கயிற்றோடு மாடியேறி வந்தாள். கயிறும் புதிது. "ஏங்க, அந்த முனையைப் பிடிங்க," என்றாள். பிடித்தேன்.

போகட்டும், கால்பந்து கிடைத்ததே என்று தேற்றிக்கொண்டேன். ஒரு மாதம் கழித்து இறுதி ஆட்டம். கடைசி நிமிஷம். இரண்டு பக்கமும் சமம். பெனால்டி. ஆட்டக்காரன் ஓடி வந்து காலைத் தூக்கினான். தூக்கிய கால் தூக்கியபடியே நின்றது. அவன் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது.

"ஏங்க, படம் நின்னுடுச்சா?" என்றாள் உள்ளேயிருந்து.

"ஆமா!"

"அப்போ மழை வரப்போகுது. இப்ப சும்மாதானே உட்கார்ந்திருக்கீங்க? ஓடிப்போய்த் துணியை எடுத்துட்டு வாங்க."

ஓடினேன். கடைசித் துணியை உருவியபோதுதான் முதல் தூறல் என் தலையில் விழுந்தது. மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது, வாசலில் நின்று ஒரு துண்டை உருவி என் தலையைத் துவட்டினாள்.

"நீங்க இல்லேன்னா நான் என்னங்க பண்ணுவேன்?" என்றாள். உண்மையாகவேதான் சொன்னாள். அதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

அந்த கோல் விழுந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. துணி மட்டும் ஒன்றுகூட நனையவில்லை.