குத்துக்கம்பி அண்ணன் இடித்த வாசல்

மலாக்காவில் பூமாதேவியை அவ்வளவு தொந்தரவு செய்த மனிதர் வேறு யாரும் இருந்ததில்லை. காஜா பெராங்கில் எங்கள் பக்கத்து வீட்டுக் குத்துக்கம்பி அண்ணனைத்தான் சொல்கிறேன்.

ரோடு போடும் ஆபீசில் அவருக்கு வேலை. இடுப்பளவு இரும்புக் கம்பி, அடியில் கூர்முனை, மேலே கைப்பிடி, நடுவில் கடிகாரம் மாதிரி ஒரு மானி. மண்ணில் வைத்து அழுத்தினால் உள்ளே ஸ்பிரிங் அமுங்கி முள் நகரும். நகராவிட்டால் மண் இன்னும் இறுகவில்லை என்று அர்த்தம். ஆபீசில் அழுத்தியது போதாதென்று சாயங்காலம் எங்கள் தெருவையும் அழுத்துவார். கோழிக்கூடு கட்டினால்கூட, "இருங்கலா, ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துடறேன்" என்று வந்து நிற்பார்.

அமுக்கியதும் முனையைத் துடைப்பார், எண்ணெய் போடுவார், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பார். வேட்டி அழுக்காக இருக்கும், கம்பி பளபளக்கும். "கட்டின பொண்டாட்டியக்கூட எவனும் இப்படித் தாங்க மாட்டான்" என்பாள் அம்மா. பாவம், அவருக்குப் பொண்டாட்டியும் இல்லை, வேறு நாதியும் இல்லை.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷம் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு ஊர் தெங்கேரா. வாசலில்தான் பந்தல் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். அதுவோ வாத்துக்குட்டையைத் தூர்த்த இடம். அண்ணன் அழுத்திப் பார்த்தார்.

"மண்ணு குழைஞ்ச சோறு மாதிரி இருக்குலா. நான் இறுக்கித் தரேன்."

தினமும் வேலை விட்டு வந்து செம்மண்ணும் சரளையும் கொட்டி, திமிசுக்கட்டையால் இடித்தார். முள்ளும் மெல்ல மெல்ல ஏறியது.

நடுவில் ஆயுத பூஜை வந்து தொலைத்தது. கம்பியை எங்கள் வீட்டுப் படையலில் சாத்திவிட்டு அவர் கைகால் கழுவப் போனார். அம்மாவுக்குப் பக்தி பொங்கிவிட்டது. மானியின் இடுக்கிலெல்லாம் சந்தனத்தை அப்பிவிட்டாள். வெளியே இருந்ததை அண்ணன் துடைத்தார். உள்ளே போனது காய்ந்து ஸ்பிரிங்கைக் கவ்விக்கொண்டது.

அதற்கப்புறம் முள் அசையவே இல்லை. அண்ணன் பதறிப்போய் இன்னும் இடித்தார்.

"கம்பியே எறங்கலையே அண்ணே?" என்றேன்.

"மானி பொய் சொல்லாதும்மா. முள்ளு பூஜ்யத்துலதானே நிக்குது!"

பந்தக்கால் நடும் நாளும் வந்தது. சம்பந்தியம்மா வந்து உட்கார்ந்திருந்தார். கடப்பாரையைப் போட்டால் 'டங்'கென்று துள்ளுகிறது. நான்கு பேர் மாற்றி மாற்றிக் குத்தினார்கள். தேங்காய்ச் சிரட்டை அளவுக்குக்கூடக் குழி விழவில்லை. நல்ல நேரமோ கழிந்துகொண்டிருந்தது.

"பந்தக்காலே எறங்க மாட்டேங்குது. சகுனம் சரியில்ல, யோசிப்போம்" என்று சம்பந்தியம்மா எழுந்துவிட்டார்.

அண்ணன் அவசரமாக மானியைக் கழற்றினார். பொடிப் பொடியாகச் சந்தனம் கொட்டியது. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் அம்மாவை ஒரு தரம் பார்த்தார்.

"சகுனமெல்லாம் ஒண்ணுமில்லம்மா. கம்பியை நான்தான் தொடைக்காம விட்டுட்டேன். சோம்பேறித்தனம். அதான் மண்ணைக் கல்லா இடிச்சு வெச்சிருக்கேன்."

"நல்ல ஆள்லா நீ!" என்று சம்பந்தியம்மா அவரை வறுத்தெடுத்துவிட்டு உட்கார்ந்தார். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே அண்ணன் கடப்பாரையை வாங்கினார். உள்ளங்கை கிழியக் குத்தி, நேரம் தப்பாமல் பந்தக்காலை நட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. கல்யாணத்தன்று ஐயர் தாய்மாமனைக் கூப்பிட்டபோது எல்லோரும் முழித்தார்கள். கூட்டத்தின் கடைசியில் நின்றவரை அம்மா கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

"என் தம்பி இருக்கான்" என்றாள்.

கட்டுப்போட்ட கையால் அவர் எனக்கு மாலை எடுத்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு நான் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதே இல்லை. எங்கள் மாமா அவர்.